லேபிளில் இல்லாத வினைச்சொல்

மெட்ஃபோர்டில், பேரிக்காய்த் தோட்டங்களுக்குப் பின்னால்,
தகரக் கூரை போட்ட கொட்டகையில்
களிம்பு டப்பிகளுக்கு வாசகம் எழுதுவது என் வேலை.
முப்பது மில்லி. தேன்மெழுகு, ஷியா வெண்ணெய்,
ஹெம்ப் பூவிலிருந்து இறக்கிய சிபிடி ஐந்நூறு மில்லிகிராம்.
இதுவரை சிக்கலில்லை.
பெயர்ச்சொற்கள் யாரையும் கோர்ட்டுக்கு இழுப்பதில்லை.

வினையில்தான் வம்பு.
மாதம் ஒருமுறை போர்ட்லண்டிலிருந்து வருகிற வக்கீல் ப்ரிஸில்லா ஹாக்
சிவப்புப் பேனாவோடு என் எதிரில் உட்காருவாள்.
'குணமாக்கும்', அடித்தாள்.
'ஆற்றும்', அடித்தாள்.
'அரிப்பைத் தணிக்கும்',
கொஞ்சம் யோசித்தாள், பிறகு அடித்தாள்.
மருந்தென்று பதியாதது மருந்தின் வேலையைச் செய்யக் கூடாது,
செய்தாலும் வாய் திறக்கக் கூடாது.
மிஞ்சியது: 'சருமத்துக்கு இதமான'.
வெறும் பெயரடை.
காலம் காட்டாது, கணக்கும் காட்டாது,
கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

செப்டம்பரில் வயல் பூத்தால்
ஊரே ஸ்கங்க் நாற்றம்.
பள்ளிப் பேருந்தில் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்.
மளிகைக் கடைக் காசாளன் என் சட்டையை முகர்ந்து
மெல்லக் கண்ணடிப்பான்.
இது கஞ்சாவின் போதையேறாத தங்கை என்று
விளக்கி விளக்கி அலுத்து
இப்போது நானும் பதிலுக்குக் கண்ணடித்துவிடுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் ஒருவன்.
கிளமாத் ஃபால்ஸ். மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். டெல்மர் யோஸ்ட்.
இரண்டு முழங்கையிலும் பதினேழு வருஷத்துச் சொரியாஸிஸ்.
சாயங்காலம் இறங்கும்போது
இருக்கையில் செதில் உதிர்ந்து கிடக்குமாம்,
மீன் ஆய்ந்த பலகை மாதிரி.
"மகள் கல்யாணத்துக்கு அரைக்கைச் சட்டை போட்டேன்" என்றான்.
அவ்வளவுதான். நன்றி என்றுகூட இல்லை.
பின்னால் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.
டாக்டர் புதிதாக ஊசி போட ஆரம்பித்ததும் அதே மாதம்தானாம்.
எது வேலை செய்தது என்று அவனுக்குத் தெரியாது,
தெரிந்துகொள்ளும் அவசரமும் இல்லை.

சொன்னதைச் சொன்னபடி எழுதிவைத்தேன்.
ப்ரிஸில்லா இரண்டு முறை படித்தாள்.
பேனாவை மூடினாள், திறந்தாள்,
அடித்தாள்.
"நன்றாக இருக்கிறது" என்றாள்,
"அதனால்தான்."

என் கைகளைப் பற்றி யாரும் கேட்டதில்லை.
விரலிடுக்கில் எனக்கும் உண்டு,
அட்டைப்பெட்டித் தூசியோ, டப்பி கழுவும் சோப்போ,
குளிர் வந்தால் வெடித்துவிடும்.
சலுகை விலையில் வாங்கிப் பதினோரு டப்பி தேய்த்தேன்.
முதல் வாரம் தோல் மினுமினுத்தது.
இரண்டாம் வாரம் மெழுகு வாசனை தலையணைவரை ஏறியது.
அரிப்பு மட்டும் தன் ஷிப்டைத் தவறவிடவில்லை,
இரவு இரண்டு மணி, டாணென்று.

கைகண்ட மருந்து என்கிறார்கள்.
என் கை காணவில்லை.
டெல்மரின் முழங்கை கண்டிருக்கலாம்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.
வேலை போய்விடும் என்று அல்ல,
முதலாளி வெண்டல் பணத்தையே திருப்பித் தந்துவிடுவான்.
எங்கோ ஒரு கல்யாண மண்டபத்தில்
நடனமாடிக்கொண்டிருக்கும் ஒரு அரைக்கைச் சட்டையை
நடுவில் நிறுத்திவைப்பது போலிருந்தது.

இன்று மூவாயிரம் லேபிள் அச்சுக்குப் போகிறது.
கடைசி வரி எப்போதும்போல:
வெளிப்பூச்சுக்கு மட்டும்.
அதிலும் வினை கிடையாது.
ப்ரிஸில்லா அந்த வரியைத் தொட்டதே இல்லை.

மதியம் ஒரு ஆர்டர். கிளமாத் ஃபால்ஸ், இரண்டு டப்பி.
மூன்றாவதாக ஒன்றையும் பெட்டிக்குள் வைத்தேன்,
என் மேஜை இழுப்பறையில் திறக்காமல் கிடந்த
பன்னிரண்டாவது.
துண்டுச் சீட்டு எதுவும் எழுதவில்லை.
டேப் ஒட்டும்போது விரலிடுக்கு எரிந்தது.